டார்வின் பெறாத பட்டம்

பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி வாயிலில் அடியெடுத்து வைக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. உயிர்களைப் பற்றிய கல்வியில் நாட்டமுடைய ஒருவர் எந்தப் பட்டத்துக்குப் படிப்பது? தாவரவியலா, விலங்கியலா, உயிர் வேதியியலா, நுண்ணுயிரியலா, மரபியலா? விண்ணப்பத் தாளில் வரிசையாக அச்சிடப்பெற்றுள்ள இப்பெயர்களைக் காணும்போது, இவை யாவும் மலையும் கடலும் போல என்றென்றும் இருந்து வருவன என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே. உண்மை அதுவன்று. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த நாள் உண்டு, பெற்றெடுத்தவர் உண்டு, பேறுகால வேதனையும் உண்டு.

அந்த வரலாற்றை ஒரே ஒரு பல்கலைக் கழகத்தின் கதையாக இங்குக் காண்போம். இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகமே அது. உயிரியலுக்கு இடமே இல்லாதிருந்த ஓரிடத்தில் அது எவ்வாறு நுழைந்தது, எவ்வாறு கிளைத்தது, யார் யாரை வெளியே நிறுத்தியது, பின் எவ்வாறு கிளைகள் ஒன்றோடொன்று பிணைந்தன என்பதையெல்லாம் அங்கே படிப்படியாகக் காணலாம்.

1831-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அப்பல்கலைக் கழகத்தின் சாதாரணப் பட்டத் தேர்வு நடைபெற்றது. அதில் தேறியவர் 178 பேர். அவர்களுள் பத்தாம் இடம் பெற்றார் கிறைஸ்ட் கல்லூரியைச் சேர்ந்த ஓர் இளைஞர். கிரேக்க, இலத்தீன் இலக்கியங்கள், யூக்ளிடின் வடிவக் கணிதம், இயற்கணிதம், கிறிஸ்தவச் சமயத்தின் மெய்ம்மையை நிலைநாட்டப் பேலி என்பார் எழுதிய நூல் ஆகியவை அவர் எழுதிய தேர்வின் பாடங்கள். செடியைப் பற்றியோ விலங்கைப் பற்றியோ ஒரு வினாவும் அத்தேர்வில் இல்லை. அவ்விளைஞரின் பெயர் சார்ல்ஸ் டார்வின். உயிரியலின் போக்கையே மாற்றிய அப்பெருமகனார் உயிரியலில் பட்டம் பெற்றவரல்லர். அப்படி ஒரு பட்டம் அக்காலத்தில் அங்கே இல்லவே இல்லை.

டார்வினின் தந்தையார் ஒரு மருத்துவர். மகனையும் மருத்துவனாக்க எண்ணி 1825-இல் எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து கண்டறியப்படாத காலம் அது. அறுவைச் சிகிச்சையைக் கண்ணாற் காணப் பொறாமல் வெளியேறிய அவ்விளைஞர், இரண்டாண்டுகளுக்குப் பின் அப்படிப்பையே கைவிட்டார். பாதிரியாராகவாவது வாழட்டும் என்று தந்தையார் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அங்கேயும் பாடப் புத்தகங்களில் அவர் மனம் படியவில்லை. வண்டு பிடிப்பதிலேயே பொழுதெல்லாம் கழிந்தது. ஒரு நாள் பட்டுப்போன மரத்தின் பட்டையை உரித்தபோது அரிய வண்டுகள் இரண்டு தென்பட, கைக்கு ஒன்றாகப் பற்றிக்கொண்டார். அந்நேரம் மூன்றாவதாக வேறொரு வண்டும் தோன்றவே, அதனையும் விட மனமின்றி, ஒரு கையிலிருந்ததை வாயிலிட்டுக்கொண்டார். வாயிலிட்ட வண்டு காரமான நீரை உமிழ, நாக்கு எரிந்து அதனைத் துப்ப நேர்ந்தது. பிடித்த வண்டும் போயிற்று. பிடிக்க வந்த வண்டும் போயிற்று. இதனை அவரே தம் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்.

இத்தகைய மாணவருக்கு அங்கே ஓர் ஆசிரியர் வாய்த்தார். தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோ என்பவர் அவர். அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்பதால் பட்டத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் கூடாது; விரும்பியவர் கேட்கலாம், அவ்வளவே. ஆயினும் டார்வின் மூன்று ஆண்டுகள் அவற்றைத் தொடர்ந்து கேட்டார். மாணவர் கையில் மலரைக் கொடுத்து அவர்களே பிரித்துப் பார்க்கும்படி செய்வதும், சதுப்பு நிலங்களுக்கு அழைத்துச் சென்று செடி கொடிகளை நேரிற் காட்டுவதும் ஹென்ஸ்லோவின் வழக்கம். ஆசிரியரும் மாணவரும் நாள்தோறும் நெடுந்தூரம் உரையாடிக்கொண்டே நடப்பார்களாம். ‘ஹென்ஸ்லோவோடு நடப்பவர்’ என்றே டார்வினைப் பிறர் குறிப்பிட்டார்களாம். 1831 ஆகஸ்ட் திங்களில் ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றிவரும் வாய்ப்பைப் பற்றி டார்வினுக்கு எழுதியவரும் இந்த ஹென்ஸ்லோவே. பட்டம் தராத பயணத்தை ஆசிரியரின் கடிதம் தந்தது.

அப்படியாயின் பட்டப் படிப்பே தேவையில்லை என்பதோ இக்கதையின் முடிவு? அன்று. உயிர்களை அறுத்துச் சோதிக்கவும் கண்டதை வரையவும் இளமையிலேயே முறையாகப் பழகாமற் போனதைத் தம் வாழ்வின் பெருங்குறையாக டார்வின் பிற்காலத்தில் எண்ணி வருந்தினார். கப்பல்களின் அடிப்புறத்திலும் கடற்பாறைகளிலும் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் சிற்றுயிர்களைப் பற்றி 1846-ஆம் ஆண்டு முதல் 1854-ஆம் ஆண்டு வரை, எட்டாண்டுகள், அவர் உழைத்தார். இருபது வயதில் ஓர் ஆய்வுக்கூடம் தந்திருக்கக்கூடிய பயிற்சியை, நாற்பதை நெருங்கும் வயதில் தமக்குத் தாமே அளித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. செல்வமும் ஓய்வும் அவருக்கு இருந்தன, ஆதலின் இயன்றது. அவை இல்லாத மாணவரின் கதி என்ன? பல்கலைக் கழகத்தில் உயிரியலுக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கையின் உயிர்நாடி இவ்வினாவிலேதான் இருக்கிறது.

இடம் ஏன் மறுக்கப்பட்டது? கேம்பிரிட்ஜில் சிறப்புப் பட்டம் பெற விரும்புவோர் எழுதும் தேர்வுக்கு ‘டிரைப்பாஸ்’ என்று பெயர். முற்காலத்தில் தேர்வின்போது ஒருவர் அமர்ந்து வாதிட்ட முக்காலியிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். நெடுங்காலம் கணிதத்துக்கு மட்டுமே அத்தேர்வு இருந்தது. 1824-இல் கிரேக்கமும் இலத்தீனும் சேர்ந்தன. மனத்தைக் கூர்மையாக்குவன இவ்விரண்டுமே என்பது பெரியோர் கொள்கை. செடியையும் புழுவையும் பற்றிய அறிவு மருத்துவர்க்குப் பயன்படலாம், ஓய்வுள்ள செல்வர்க்குப் பொழுதுபோக்காகலாம். ஆனால் ஓர் இளைஞரின் அறிவை அளக்கும் கோலாகுமா என்று அவர்கள் கேட்டார்கள்.

1848-இல் இந்நிலை சற்று அசைந்தது. டிரினிட்டிக் கல்லூரியின் தலைவராக விளங்கிய ஹியூவெல் என்பாரின் முயற்சியால், இயற்கை விஞ்ஞானங்களுக்கென ஒரு தனி டிரைப்பாஸ் ஏற்படுத்தப் பல்கலைக் கழகம் இசைந்தது. முதல் தேர்வு 1851-இல் நடந்தது. உடற்கூற்றியலும் உடலியலும், தாவரவியல், வேதியியல், நிலவியல், கனிமவியல் என்பன அதன் பாடங்கள். ஆனால் கதவு திறந்ததே தவிர, அது முன்வாசலாக இல்லை. முதலில் வேறு தேர்வெழுதிப் பட்டத்தைப் பெற்றுக்கொண்டு, அதன் பின்னரே இத்தேர்வை எழுத வேண்டும். 1860-ஆம் ஆண்டை ஒட்டியே, இயற்கை விஞ்ஞானத் தேர்வில் தேறியவர் அதனாலேயே பட்டத்துக்கு உரியவர் என்ற விதி பிறந்தது. ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளியான 1859-ஆம் ஆண்டும் இவ்விதி பிறந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

விதி வந்தும் மாணவர் திரளவில்லை. கல்லூரிகள் வழங்கிய உதவித் தொகைகளும் பதவிகளும் பெரும்பாலும் கணித, இலக்கிய மாணவர்க்கே சென்றன. அதனினும் பெரிய குறை, மாணவர்கள் கையால் செய்து பார்க்க ஆய்வுக்கூடம் இல்லாமை. நீச்சலைப் பற்றிய நூலைப் படித்துவிட்டுக் கரையில் அமர்ந்து தேர்வெழுதுவதைப் போன்றிருந்தது அக்கல்வி.

அக்குறையைத் தீர்த்தவர் மைக்கேல் ஃபாஸ்டர். இவர் டார்வினின் நண்பரும் பெரும் சொல்வல்லவருமான தாமஸ் ஹக்ஸ்லியின் துணைவர். ஹக்ஸ்லியின் பரிந்துரையின் பேரில் 1870-இல் டிரினிட்டிக் கல்லூரி ஃபாஸ்டரை உடலியல் கற்பிக்க அழைத்தது. அடுத்த ஆண்டில் ஹக்ஸ்லி இலண்டன் சவுத் கென்சிங்டனில் பள்ளி ஆசிரியர்களுக்கென ஒரு கோடை வகுப்பைத் தொடங்கினார். ஃபாஸ்டரும் அதில் உடன் பணியாற்றினார். உயிரியற் கல்வியின் வரலாற்றில் அவ்வகுப்பு ஒரு திருப்புமுனை என்றே சொல்ல வேண்டும்.

அதன் புதுமை யாது? உலகிலுள்ள உயிர்களின் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்விப்பதை ஹக்ஸ்லி கைவிட்டார். ஈஸ்ட், அமீபா, பெரணி, அவரை, ஹைடிரா, மட்டி, தவளை என மாதிரி உயிர்கள் சிலவற்றையே தேர்ந்தெடுத்தார். காலையில் ஆசிரியர் ஓர் உயிரைப் பற்றிப் பேசுவார். அதன் பின்னர் மாணவர் ஒவ்வொருவரும் அதே உயிரை மேசைமேல் வைத்து, நுண்பெருக்கியாற் கண்டு, கத்தியால் அறுத்து, கண்டதைத் தாளில் வரைய வேண்டும். ஆசிரியர் சொன்னார் என்பதற்காக எதனையும் ஏற்க வேண்டுவதில்லை, கண்ணே சான்று. செடியும் விலங்கும் ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்கப்பட்டதும் புதுமையே. ஈஸ்டும் தவளையும் உயிரணுக்களால் ஆனவை. இரண்டும் உணவுண்டு வளர்கின்றன. இரண்டும் இனம் பெருக்குகின்றன. அடிப்படை ஒன்றாயிருக்கத் தாவரவியல் என்றும் விலங்கியல் என்றும் தொடக்கத்திலேயே பிரிப்பானேன் என்பது ஹக்ஸ்லியின் கேள்வி. ‘பயாலஜி’ என்னும் சொல் 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே ஐரோப்பாவில் பிறந்திருந்தது. அச்சொல்லுக்கு ஒரு மேசையும் ஒரு நுண்பெருக்கியும் கிடைத்தது இவ்வகுப்பிலேதான்.

இம்முறையை ஃபாஸ்டர் கேம்பிரிட்ஜில் நிலைநாட்டினார். தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. வந்த மாணவரோ மிகச் சிறந்தவர். அவர்களுள் ஒருவரான நியூவெல் மார்ட்டின், ஹக்ஸ்லியோடு சேர்ந்து இவ்வகுப்பின் செய்முறைகளை 1875-இல் ஒரு நூலாக்கினார்; மறு ஆண்டில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் புதிதாய்த் தோன்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் உயிரியற் பேராசிரியரானார். ஹக்ஸ்லியின் கோடை வகுப்பில் பணிபுரிந்த மற்றொருவர் ரே லங்கெஸ்டர். அவரிடம் பயின்ற ஆல்ஃபிரட் போர்ன் 1880-களின் நடுவில் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். தீயால் வளைக்கப்பட்ட தேள் தன்னைத்தானே கொட்டி மாயும் என்று மக்கள் நம்பி வந்தனரன்றோ? தேளின் நஞ்சு அத்தேளையே கொல்வதில்லை என்று சோதித்துக் காட்டி 1887-இல் எழுதியவர் இவர். அமீபாவில் தொடங்கித் தவளையில் முடியும் உயிரியற் பாடத்தை நம் நாட்டு மாணவர் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்தனர். அப்பாடத்தின் ஊற்று சவுத் கென்சிங்டனின் அக்கோடை வகுப்பே.

1877-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் கேம்பிரிட்ஜ் தன் பழைய மாணவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கியது. டார்வினுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. பட்டமளிப்பு மண்டபத்தின் மேல்மாடத்திலிருந்து மாணவர்கள் ஒரு குரங்குப் பொம்மையைக் கயிற்றில் தொங்கவிட்டு ஆரவாரம் செய்தனர். டார்வின் புன்முறுவலோடு அமர்ந்திருந்தார். அன்று அவருக்குக் கிடைத்த பட்டம் எது தெரியுமா? சட்ட அறிஞர் என்னும் பட்டம். உயிரியலாளர்க்கு உயிரியலில் பட்டம் வழங்க அப்போதும் வாய்க்கவில்லை!

மாணவர் தொகை பெருகவே, 1880-களின் தொடக்கத்தில் தேர்வு இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. முதற் பகுதியில் பல விஞ்ஞானங்களைப் பரவலாகக் கற்க வேண்டும். இரண்டாம் பகுதியில் ஒன்றிரண்டை ஆழமாகக் கற்க வேண்டும். முதலில் அகலம், பின்னர் ஆழம். அன்று வகுத்த இவ்வடிப்படை இன்றளவும் அங்கே நிலைபெற்றிருக்கிறது. ஃபாஸ்டர் 1883-இல் உடலியலின் முதற் பேராசிரியரானார். அவருடைய மாணவர்களுள் மணிமுடி போன்றவர் பிரான்சிஸ் பால்ஃபர். கருவிலிருந்து உயிர்கள் உருப்பெறும் முறையை ஒப்பிட்டு ஆராய்ந்து இரு பெருந்தொகுதிகள் வெளியிட்ட இவருக்கென 1882-இல் ஒரு பேராசிரியர் பதவியையே பல்கலைக் கழகம் உண்டாக்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஆல்ப்ஸ் மலைச் சிகரம் ஒன்றில் ஏறுகையில் வீழ்ந்து மாண்டார். அப்போது அவருக்கு வயது முப்பதே.

பால்ஃபரின் பெயர் எதிர்பாராத ஓரிடத்தில் நிலைத்தது. பெண்களுக்கென கர்ட்டன் கல்லூரி 1869-லும், நியூனம் கல்லூரி 1871-லும் தோன்றியிருந்தன. 1881 முதல் பெண்கள் டிரைப்பாஸ் தேர்வை எழுத உரிமை பெற்றனர். ஆனால் தேறினாலும் பட்டம் இல்லை! ஆண்கள் எழுதிய அதே வினாத்தாளை எழுதி அவர்களை விஞ்சிய பெண்ணுக்கும் ஒரு சான்றிதழே கிடைத்தது. ஆய்வுக்கூடங்களிலோ அவர்களுக்கு இடம் அரிதாயிற்று. சிலவற்றில் மறுக்கவும் பட்டது. கையால் செய்து பார்ப்பதே உயிரியற் கல்வி என்று வகுத்தபின் மேசையை மறுப்பது கல்வியையே மறுப்பதாகும். இதனை உணர்ந்த பால்ஃபரின் சகோதரிமார் முன்னின்று உதவ, கைவிடப்பட்ட பழைய தேவாலயக் கட்டடம் ஒன்று வாங்கப்பெற்று, 1884-இல் பெண்களுக்கான பால்ஃபர் உயிரியல் ஆய்வுக்கூடமாயிற்று. முப்பது ஆண்டுகள், 1914 வரை, அது நடந்தது. பெண்களே கற்பித்தனர், பெண்களே கற்றனர்.

1897-இல் பெண்களுக்குப் பட்டம் வழங்கலாமா என்று பல்கலைக் கழகம் வாக்கெடுத்தது. அன்று பட்டமளிப்பு மண்டபத்தின் எதிரே மிதிவண்டியில் அமர்ந்த பெண் ஒருத்தியின் பொம்மை கட்டித் தொங்கவிடப்பட்டது. பெருவாரியான வாக்குகளால் கோரிக்கை தோற்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் குரங்குப் பொம்மை. இப்போது பெண் பொம்மை. புதிய உண்மையை எதிர்கொள்ள அஞ்சும் கூட்டம் முதலில் கையிலெடுப்பது கேலிப் பொம்மையே போலும்.

இனி இக்கதையின் அரிய திருப்பத்தைக் கேளுங்கள். பால்ஃபர் ஆய்வுக்கூடத்தை நெடுநாள் நடத்தியவர் எடித் ரெபெக்கா சாண்டர்ஸ் என்னும் தாவரவியல் அறிஞர். உயிர்களின் வேறுபாடுகள் தலைமுறைக்குத் தலைமுறை எவ்வாறு இறங்கி வருகின்றன என்பதை அறிய விரும்பிய வில்லியம் பேட்சன் என்பவர், பெரும்பாலோர் அம்முயற்சியைப் பொருட்படுத்தாத காலத்தில் நியூனம் பெண்களைத் துணையாகப் பெற்றார். சாண்டர்ஸ் செடிகளைக் கலப்புச் செய்தார். பிறர் கோழிகளையும் சிறு விலங்குகளையும் வளர்த்துக் கணக்கெடுத்தனர். 1900-இல் மெண்டலின் மறக்கப்பட்ட பட்டாணி ஆய்வு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபோது, அதனை உடனே உணர்ந்து பற்றிக்கொள்ள இக்குழு அணியமாயிருந்தது. 1905-இல் ஒரு கடிதத்தில் இப்புதிய துறைக்கு ‘ஜெனடிக்ஸ்’ என்று பெயரிட்டார் பேட்சன். நாம் மரபியல் என்கிறோமே, அதுவே அது. அதே ஆண்டில் பேட்சனும் சாண்டர்ஸும் புன்னெட்டும் சேர்ந்து, சில பண்புகள் பிரியாமல் இணைந்தே இறங்குவதை இனிப்புப் பட்டாணியில் கண்டு வெளியிட்டனர். 1908-இல் பேட்சன் உயிரியற் பேராசிரியரானார். 1912-இல் மரபியலுக்கென்றே தனிப் பேராசிரியர் பதவி ஏற்பட்டு, அதில் புன்னெட் அமர்ந்தார்.

சாண்டர்ஸ் 1936-இல் மரபியற் கழகத்தின் தலைவரானார். 1945-இல் மிதிவண்டி விபத்தொன்றில் காலமானார். பெண்களுக்கு முழு உரிமையுள்ள பட்டத்தைக் கேம்பிரிட்ஜ் வழங்க முன்வந்தது 1948-இல். ஒரு பட்டப் பாடத்தையே பிறப்பிக்க உதவிய அவ்வம்மையார் உயிரோடிருந்த காலத்தில், ஆண்களுக்கு நிகரான பட்டம் அங்கே எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கவில்லை. பாடம் இல்லாததால் டார்வின் உயிரியற் பட்டம் பெறவில்லை. பாடம் இருந்தும், தேறியும், பெண் என்பதால் சாண்டர்ஸ் முழுப் பட்டம் பெறவில்லை. இரண்டாவதே கொடிது.

பேட்சன் 1910-இல் கேம்பிரிட்ஜை விட்டு, இலண்டனுக்கு அருகே புதிதாக அமைந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தின் முதல் இயக்குநரானார். அதே நிலையத்தில் 1940-களில் பணியாற்றியவர் ஜானகி அம்மாள். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றவர் அவர். பயிர்ச் செடிகளின் நிறமூர்த்தங்களைத் தொகுத்துரைக்கும் பெருநூலை டார்லிங்டன் என்பாரோடு சேர்ந்து 1945-இல் வெளியிட்டார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டத்தை மறுத்துக்கொண்டிருந்த காலத்தில், சென்னை ஒரு பெண்ணுக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது என்பதை நாம் மகிழ்வோடு நினைக்கலாம்.

அடுத்துப் பிறந்தது உயிர் வேதியியல். 1898-இல் ஃபாஸ்டர் அழைத்து வந்த பிரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் முதலில் உடலியல் துறையின் ஒரு மூலையில் கற்பித்தவரே. பால் போன்ற இயற்கை உணவில், உயிர் வளரத் தேவையான ஏதோ ஒன்று மிகச் சிறிதளவில் உண்டு என்று 1912-இல் அவர் காட்டினார். பின்னர் வைட்டமின்கள் எனப் பெயர் பெற்றவை அவை. 1914-இல் உயிர் வேதியியலின் முதற் பேராசிரியரானார். 1924-இல் அத்துறைக்குத் தனி மாளிகையே எழுந்தது. 1929-இல் நோபெல் பரிசு கிடைத்தது. உடலியலுக்கு அது மிகுதியும் வேதியியல். வேதியியலுக்கோ அது மிகுதியும் உயிரியல். இரு வீட்டாரும் தம் பிள்ளை அன்று என்று ஒதுக்கிய குழந்தையே தனி வீடு கட்டிக்கொண்டது எனலாம்.

அந்த வீட்டுக்கு 1930-களின் பிற்பகுதியில் ஒரு மாணவர் வந்தார். பிரெடரிக் சாங்கர் என்பது பெயர். முதற் பகுதிக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கையில், முன்பின் அறியாத உயிர் வேதியியலைத் துணைப் பாடமாகவே அவர் எடுத்துக்கொண்டார். இயற்பியலும் கணிதமும் அவருக்குக் கடினமாயிருந்தன. துணையாக எடுத்த பாடத்திலே நெஞ்சம் சென்றது. அதனையே சிறப்பாகப் படிக்க ஓராண்டு கூடுதலாகத் தங்கினார். இன்சுலினின் அமைப்பைக் கண்டறிந்து 1958-லும், மரபுப் பொருளின் எழுத்து வரிசையைப் படிக்கும் முறையைக் கண்டு 1980-லும் வேதியியலுக்கான நோபெல் பரிசை இருமுறை பெற்றார். பட்டப் படிப்பில் பல பாடங்களைச் சுவைத்துப் பார்க்க இடமிருந்ததன் பயன் இது.

பின்னும் ஒரு புதுமை நேர்ந்தது. 1953-இல் மரபுப் பொருளான டி.என்.ஏ.-யின் இரட்டைச் சுருள் அமைப்பைக் கேம்பிரிட்ஜில் வாட்சனும் கிரிக்கும் கண்டனர். அவர்கள் பணியாற்றிய இடம் தாவரவியல் துறையுமன்று, விலங்கியல் துறையுமன்று. காவெண்டிஷ் என்னும் இயற்பியல் ஆய்வுக்கூடம். வாட்சன் விலங்கியல் பட்டதாரி. கிரிக் இயற்பியல் பட்டதாரி. இருவரின் பட்டங்களுக்கும் இடையே இருந்த வெற்றிடத்தில் மூலக்கூறு உயிரியல் வேரூன்றியது. அத்துறைக்கென அந்நகரில் அமைந்த ஆய்வு நிலையத்துக்கு 1999-இல் வந்து சேர்ந்தவர் நம் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். இயற்பியலில் இளங்கலைப் பட்டமும் டாக்டர் பட்டமும் பெற்ற பின், அமெரிக்காவில் மீண்டும் மாணவராக அமர்ந்து இரண்டாண்டுகள் உயிரியல் பயின்றவர் அவர். உயிரணுவில் புரதத்தை நெய்யும் ரைபோசோமின் அமைப்பைக் காட்டியமைக்காக 2009-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். டாக்டர் பட்டம் பெற்றவர் வெட்கமின்றி முதற் பாடத்திலிருந்து தொடங்கினாரே, அந்தத் துணிவு எண்ணத்தக்கது.

இன்று கேம்பிரிட்ஜில் உயிரியல் படிக்க விரும்புவோர் முதலாண்டிலேயே ஒரு துறைக்குள் அடைபடுவதில்லை. உயிரணுக்களின் உயிரியல், உயிரிகளின் உடலியல், பரிணாமமும் நடத்தையும் என்னும் பாடங்களில் விரும்பியவற்றை வேதியியல், கணிதம் முதலியவற்றோடு சேர்த்துக் கற்கின்றனர். பின்னர் படிப்படியாகக் குறுக்கிக்கொண்டு விலங்கியல், தாவர அறிவியல், மரபியல், உயிர் வேதியியல், நரம்பியல் போன்றவற்றுள் ஒன்றை அடைகின்றனர். பழைய துறைகளும் மாறாமலில்லை. உடற்கூற்றியலும் உடலியலும் 2006-இல் ஒன்றாக இணைந்தன. எல்லாம் மாறியும் மாறாத வேடிக்கை ஒன்று உண்டு: விஞ்ஞானம் படித்தாலும் அங்கே மூன்றாண்டு முடிவில் தரப்படுவது ‘பி.ஏ.’ பட்டமே. 1831-இல் டார்வினுக்குத் தந்த அதே எழுத்துக்கள்!

மாணவர்களே, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? விண்ணப்பத் தாளிலுள்ள பெயர் வரிசை, முன்னோர் கேட்ட வினாக்களின் பட்டியல். நாளைய வினா அதில் இன்னும் அச்சேறவில்லை. ஆதலால் விரும்பிய பெயருடைய பட்டம் கிடைக்கவில்லையே என்று ஏங்கிச் சோர வேண்டா. தாவரவியலில் சேர்ந்தவர் மரபியலைப் படைக்கலாம். இயற்பியலில் சேர்ந்தவர் உயிரின் நுட்பத்தைக் காணலாம். ஆனால் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் ஒன்றைக் கேட்டறியுங்கள்: அங்கே நுண்பெருக்கியின் முன் உங்களுக்கென ஓர் இருக்கை உண்டா? மலரை உங்கள் கையில் தந்து பிரித்துப் பார்க்கச் சொல்லும் ஆசிரியர் உண்டா? உண்டெனில் பட்டத்தின் பெயரைப் பற்றி மிகவும் கவலற்க. இல்லையெனில் அவ்விருக்கையை உரிமையோடு கேளுங்கள். பழைய தேவாலயத்தில் மேசை போட்டுப் படித்த பெண்கள் அப்படிக் கேட்டுப் பெற்றவர்களே. உங்களுக்கு அடுத்த மேசையில் யாருக்கேனும் இடம் மறுக்கப்பட்டால், அவருக்காகவும் கேளுங்கள்.